இரண்டு முடிச்சு நூல்

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்ல, கீழ்வீட்டுத் தையற்காரம்மா எழுதுவது. நானும் மேஸ்திரியும் வீட்டுக் குழாய்கள் மூன்றும் இந்த நிமிஷம் வரைக்கும் ஒழுகாமல் இருக்கிறோம். உன் உடம்பு, உன் வேலை, அந்த ஊர்க் குளிர் எல்லாம் எப்படி என்று தெரிவி.

போனில் நீ பேசுவது எனக்கு ஈ பறக்கிற மாதிரிதான் கேட்கிறது. பம்பு அறையில் முப்பத்தொரு வருஷம் நின்ற காது. அதனால் இனிமேல் கடிதம்தான். உன் பதிலைத் தையற்காரம்மா என் இடது காதோடு வாய் வைத்துப் படித்துக் காட்டுவார். அவர் படித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதற்குத் தகுந்த மாதிரி எழுது. 'இதையுமா ஐயா எழுதணும்?' என்கிறார். 'சொல்றதையெல்லாம் எழுதும்மா, நீ என்ன ஜாக்கெட்டா தைக்கிறே, வேண்டாததை வெட்டிப் போட?' என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயம் நம் பூனை மேஸ்திரியைப் பற்றி. இரண்டு மாதமாகத் தண்ணீராகக் குடிக்கிறான். கிண்ணம், வாளி, குளியலறைத் தரை, எதையும் விடுவதில்லை. குடித்தது குடித்தபடி போய்க்கொண்டே இருக்கிறது. உடம்பில் ஒட்டவில்லை. முதுகெலும்பைத் தடவினால் சீப்பு மாதிரி இருக்கிறது. டாக்டரிடம் தூக்கிப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார். சிறுநீரகம் முக்கால்வாசி போய்விட்டதாம். எனக்குப் புரிகிற மாதிரி, 'வடிகட்டி அடைச்சுப் போச்சு பெரியவரே, மாத்துறதுக்கு வேற வடிகட்டி கிடையாது' என்றார்.

வயது பதினேழு. வால்வுக் குழியிலிருந்து நான் இவனைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்த அன்று புதன்கிழமை. நீ ஒன்பதாம் வகுப்பு, கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு அழுதுகொண்டு வந்தாய். பையைத் திறந்ததும் அழுகை நின்றது. 'ஒரு வேலையும் செய்யாம, நிக்கிற எல்லாரையும் பார்த்துக்கிட்டே இருக்கு, மேஸ்திரியேதான்' என்று உன் அம்மா பெயர் வைத்தாள்.

தோலுக்கு அடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருந்தால் சில மாதம் ஓட்டலாம் என்கிறார் டாக்டர். இல்லையென்றால் ஒரே ஊசி, தூங்கிப்போவான். உன் பூனை. நீ சொல்.

இப்படிக்கு, பெருவிரல் வைத்த அப்பா.

•

மார்ச் 1

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. மேஸ்திரி எப்படி இருக்கிறான்? சாப்பிடுகிறானா? எடை எவ்வளவு? வாந்தி உண்டா?

ஊசி வேண்டாம். அக்டோபரில் எனக்கு மூன்று வாரம் விடுப்பு கிடைக்கும். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் விடுப்பு. வந்து அவனைப் பார்க்கிறேன். அதுவரைக்கும் அவனை வைத்திருங்கள். உங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

எனக்கு வேலை அதேதான். மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தீட்டுகிறேன். நாள் முழுக்க இயந்திரத்தின் முன்னால். விரல் மரத்துப்போவதைத் தவிர வேறு குறையில்லை.

மேஸ்திரியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மகள்.

•

மார்ச் 20

அன்பு மகளுக்கு,

உன் அப்பன் நலம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். தையற்காரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், 'உங்களைப் பத்தி எங்கேயாவது ஓரத்துல எழுதியிருக்கும் ஐயா' என்று. உறையைக்கூட உதறிப் பார்த்தார். பரவாயில்லை. நீ நலமாக இருந்தால் சரி.

அக்டோபர் என்றால் இன்னும் ஏழு மாதம். வைத்திருப்பேன்.

ஊசி போடும் வேலையை டாக்டரின் உதவியாளர் ஒரே தடவைதான் காட்டிக்கொடுத்தார். 'வீட்டுல படிச்சவங்க யாராவது இருக்காங்களா, எழுதித் தரேன்' என்றார். 'எழுத வேண்டாம், செஞ்சு காட்டு' என்றேன். பையை வெந்நீரில் வைத்துக் கைச்சூடு வரும்வரை காத்திருக்க வேண்டும். திரைச்சீலைக் கம்பியில் மாட்ட வேண்டும். தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து ஊசியை நுழைக்க வேண்டும். அப்புறம் குழாயில் இருக்கிற சின்ன உருளை. அதைத் தள்ளினால் தண்ணீர் இறங்கும், இழுத்தால் நிற்கும். சிரிப்பு வந்துவிட்டது. நான் ஒரு ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்டவன். பெரிய தெரு வால்வு இருபத்திரண்டரைச் சுற்று, பள்ளிக்கூடத் தெரு பதினெட்டு, ஆஸ்பத்திரிக் குழாய் முப்பத்தொன்று. ஒன்றைக்கூட எழுதி வைத்ததில்லை. இப்போது ஒரு பூனைக்கு வால்வு திறக்கிறேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், பையில் ஒரு கோடு அளவு. ஏற்றி முடித்தால் முதுகில் திமில் மாதிரி நிற்கும், சாயங்காலத்துக்குள் முன்னங்காலுக்கு இறங்கிவிடும். ஒற்றைக் கால் வீங்கிய ரவுடி மாதிரி நடப்பான். தையற்காரம்மா துண்டால் சுற்றிப் பிடித்துக்கொள்வார். முதல் நாள் அவர் கையைப் பிராண்டிவிட்டான். 'நாப்பது வருஷம் ஊசி பிடிச்ச கை, எனக்கே காயமா' என்று அவனைத் திட்டினார். இப்போது சமாதானம்.

நேற்று தெருவில் பால்காரர் என்னை நிறுத்தி, 'அன்னிக்கு நீங்க இல்லாட்டி எங்க வீடே மிதந்திருக்கும்' என்று பழைய கதையை ஆரம்பித்தார். உனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது. மருந்துக் கடையிலிருந்து திரும்பி வருகிறேன், பெரிய தெருவில் குழாய் வெடித்துத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. குடிநீர் வாரியத்திலிருந்து ஆள் வர ஒரு மணி நேரமாகும் என்கிறார்கள். கையில் இருந்ததை மதில் மேல் வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். இருபத்திரண்டரைச் சுற்று. கண்ணை மூடிக்கொண்டே மூடினேன். தெருவே கை தட்டியது. இன்னும் அதைச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேஸ்திரி நடக்கிறான்.

படுக்கையறை வாசலில் போய் நிற்பான். வாலைத் தூக்குவான். பிறகு திரும்பி, நடைவழியாக முன்னறைக்கு வருவான். தனியாக வருகிற நடை இல்லை அது. ஒரு பக்கம் ஆளுக்கு இடம் விட்டு, நின்று நின்று, மேலே அண்ணாந்து பார்த்தபடி வருவான். கால் தள்ளாடுகிற ஒருவர் கூட வருகிற மாதிரி. ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வான். அங்கேதான் உன் அம்மாவின் நாற்காலி கிடந்தது. அவள் போன பிறகு எதிர்ச் சுவருக்கு நான் மாற்றிவிட்டேன்.

நாலு மணிக்குத்தான் அவள் மாத்திரை போட வருவாள். கண் மங்கிய பிறகு சீசாக் கழுத்தில் நூல் கட்டச் சொன்னாள். ஒரு முடிச்சு என்றால் ஒரு மாத்திரை, இரண்டு முடிச்சு என்றால் இரண்டு. நான் கட்டுவேன், அவள் விரலால் தடவி எண்ணுவாள். எழுத்துத் தெரியாத எனக்கும் எழுத்துப் புலப்படாத அவளுக்கும் பொதுவாக ஒரு பாஷை. சீசாவை ஆட்டிக்கொண்டே வருவாள். அந்தச் சத்தத்துக்கு இவன் கூட வருவான், அவள் பாலில் இவனுக்கும் பங்கு. சீசாக்கள் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கின்றன. ஒற்றை முடிச்சு நூல் இருக்கிறது. இரண்டு முடிச்சு நூலைத்தான் காணோம். இவன் விளையாடித் தொலைத்திருப்பான்.

பம்பு அறைச் சங்கே கேட்காத காது இது. நாலு மணிக்குச் சீசா ஆடுகிற சத்தம் கேட்கிறது. பயமில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

அப்பா. பெருவிரல் கீழே.

•

ஏப்ரல் 9

அப்பாவுக்கு,

மேஸ்திரிக்கு என் முத்தம். நீங்கள் ஊசி போடுகிற விதத்தைப் படித்து நிம்மதியாக இருந்தது. கை சுத்தமாகக் கழுவுங்கள். ஒவ்வொரு தடவையும் புது ஊசி.

இந்த நோய் வந்த பூனைகளுக்கு ரத்த அழுத்தமும் ஏறுமாம். ஏறினால் ஒரே நாளில்கூடக் கண் போய்விடும் என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார். அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தாமதிக்க வேண்டாம். அவன் கண்ணைக் காப்பாற்றுங்கள். நான் வரும்போது அவன் என்னைப் பார்க்க வேண்டும்.

நாலு மணிக்கு நடப்பதைப் பற்றி இனி எழுத வேண்டாம். நூலைப் பற்றியும்.

தையற்காரம்மாவுக்கு என் நன்றி.

மகள்.

•

மே 2

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உனக்குக் குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடி அழுத்தம் பார்க்கப் போனோம். எங்கே கட்டி அளந்தார் என்று நினைக்கிறாய்? வாலில்! சின்னப் பட்டை, நம் கட்டைவிரல் அகலம். வாலில் சுற்றிக் காற்றடித்ததும் மேஸ்திரி டாக்டரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேலையை விட்டே நிறுத்திவிடுகிற பார்வை. 'வாலைப் பிடிச்சு உடம்பு பார்க்கிற வைத்தியத்தை இப்பத்தான் பார்க்கிறேன்' என்று தையற்காரம்மா சொல்ல, டாக்டரே சிரித்துவிட்டார். எடை மூன்று கிலோ இருநூறு. ஈரல் துண்டை ஆவலாகத் தின்கிறான்.

அழுத்தம் ரொம்ப அதிகம்தானாம். சீசாவில் மாத்திரை கொடுத்திருக்கிறார். நாளுக்குக் கால் மாத்திரை. நான் கேட்டேன், 'பூனைக்குன்னு தனியாச் செஞ்சதா?' அவர் சொன்னார், 'இல்ல பெரியவரே, நாம சாப்பிடுற அதே மாத்திரைதான். ஜாக்கிரதையா உடைச்சுக் கொடுங்க. மனுஷங்களுக்கே நாளைக்கு ஒண்ணுதான். வயசானவங்க ரெண்டு போட்டா தலை சுத்தி விழுந்துடுவாங்க.'

சீசாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இழுப்பறையில் வைக்கப் போனேன்.

இவ்வளவு போதும் என்று சொல்லிவிட்டேன், தையற்காரம்மாவுக்கும் வேலை இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உன் பட்டறையில் வில்லை தீட்டும்போது அளவு தப்பிவிட்டால் என்ன செய்வீர்கள்? திரும்பத் தீட்டிச் சரிசெய்ய முடியுமா?

அப்பா.

•

மே 25

அப்பாவுக்கு,

மேஸ்திரி நலமா? மாத்திரை ஆரம்பித்துவிட்டீர்களா? எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள்? கண் எப்படி இருக்கிறது? விவரமாக எழுதுங்கள். போன கடிதம் பாதியில் நின்ற மாதிரி இருந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். முடியாது. தீட்டிப் போன கண்ணாடி திரும்ப வளராது. அளவு தப்பினால் தப்பினதுதான். குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவோம்.

மகள்.

•

ஜூன் 19

அன்பு மகளுக்கு,

நலம். மேஸ்திரியும் நலம். மாத்திரை நடக்கிறது. மழை இரண்டு நாளாக. தொட்டி என்று எழுதியிருந்தாய், புரிந்தது.

அப்பா.

•

ஜூலை 30

அன்பு மகளுக்கு,

அதற்குப் பிறகு நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தன. பதில் போடத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

மேஸ்திரிக்குத் தண்ணீர் ஒரு நாளும் தப்பவில்லை. அதில் குறை சொல்ல முடியாது. போன வாரம் கதவு நிலையில் முட்டிக்கொண்டான். வயதுதான். பாலைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தேடினான். அதுவும் வயதுதான். மாத்திரை நடக்கிறது.

வாரியத்தில் பெரிய தெரு வால்வை மாற்றிவிட்டார்கள். இப்போது பொத்தானை அமுக்கினால் தானே மூடிக்கொள்கிறதாம். நல்லது. மனுஷன் இறங்க வேண்டியதில்லை.

சீசாச் சத்தம் இப்போது காலையிலும் கேட்கிறது. எழுத வேண்டாம் என்றாய், எழுதிவிட்டேன்.

அப்பா.

பெரியவர் பெருவிரல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். இனி வருவது அவர் சொன்னதல்ல. தையற்காரி நானே எழுதுகிறேன், மன்னித்துக்கொள் தங்கச்சி. அவர் சொன்னதுக்கு மேல் ஒரு வரி சேர்த்ததில்லை நான். இன்றைக்கு மட்டும் சேர்க்கிறேன்.

மேஸ்திரிக்குக் கண் போய்விட்டது. இரண்டு கண்ணும். கருமணி பெரிசாகி, உள்ளே விளக்கு அணைந்த மாதிரி இருக்கிறது. பெரியவர் டாக்டரிடம் கூட்டிப்போக மாட்டேன் என்கிறார்.

மாத்திரை நடக்கவில்லை. முந்தாநாள் அவர் குளிக்கப் போனபோது சீசாவைத் திறந்து எண்ணினேன். முப்பது என்று எழுதியிருக்கிறது, முப்பதும் இருக்கிறது. ஏன் கொடுக்கலை ஐயா என்று கேட்டேன். 'என் கையால வேண்டாம்மா' என்றார். 

டாக்டரிடம் போய் வந்த அன்றிலிருந்தே ஆள் சரியில்லை. பூனையின் சீசாவையும் உன் அம்மாவின் பழைய சீசா ஒன்றையும் மேஜைமேல் அக்கம்பக்கமாக வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். எட்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே மருந்தின் பெயர். அவருக்குப் படிக்கத் தெரியாதே, எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பழைய சீசாவின் கழுத்தில் நூல் இல்லை. உனக்கு ஏதாவது புரிகிறதா?

•

ஆகஸ்ட் 17

அக்கா,

உங்கள் வரிகளுக்கு நன்றி. கீழே இருப்பதை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படியுங்கள், ஆனால் குரலைக் குறைக்க வேண்டாம், அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பக் கூடாது. நடுவில் நிறுத்தச் சொல்வார். நிறுத்தாதீர்கள்.

அப்பா,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிடுகிறீர்களா? தூக்கம் வருகிறதா? மூன்று வருஷமாகக் கேட்காததை எல்லாம் சேர்த்துக் கேட்கிறேன்.

இரண்டு முடிச்சு நூலை மேஸ்திரி தொலைக்கவில்லை. என்னிடம் இருக்கிறது.

அம்மாவைத் தகனம் செய்த மூன்றாம் நாள் இழுப்பறையைத் திறந்தேன். இரண்டு சீசாவும் ஒரே அளவு. எனக்குத்தான் எழுத்துத் தெரியுமே, படித்தேன். எலும்புக்குக் கொடுத்த மாத்திரை இரண்டு போட வேண்டும், அதில் ஒரு முடிச்சு. ரத்த அழுத்த மாத்திரை ஒன்றுதான் போட வேண்டும், அதில் இரண்டு முடிச்சு. எத்தனை குறைகிறது என்று எண்ணினேன். பதினோரு நாள் கணக்கு வந்தது. பன்னிரண்டாம் நாள்தான் அம்மா நடைவழியில் விழுந்தார்.

நீங்கள் முன்னறையில் உட்கார்ந்து வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். குழாய் வெடித்த கதையை யாரோ சொல்ல, நீங்கள் தலையாட்டினீர்கள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. நூலை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் இருக்க வந்தவள் ஆறாம் நாளே கிளம்பினேன். வேலைக்கு அவசரம் என்று சொன்னது பொய்.

அன்றிலிருந்து உங்களை நலமா என்று எழுத என் கை வரவில்லை. மேஸ்திரியைக் கேட்டேன். அவனைக் கேட்டால் வீட்டைக் கேட்ட மாதிரி இருந்தது.

இப்போது சொல்கிறேன். அம்மா போனில் என்னிடமும் சொன்னார். 'ரெண்டு மூணு நாளா தலை சுத்துதுடி.' நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அப்பாகிட்ட சொல்லும்மா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு.' நாள் முழுக்க மயிரிழை அளவைப் படிக்கிற வேலை எனக்கு. சீசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. படிக்கத் தெரியாத உங்களையும் கண் தெரியாத அம்மாவையும் ஒரு நூலை நம்பி விட்டுவிட்டுப் போனவள் நான்.

அதனால்தான் அம்மா போனார் என்று எனக்குத் தெரியாது. அதனால் இல்லை என்றும் தெரியாது. யாருக்கும் இனித் தெரியாது, அப்பா. அதோடுதான் நாம் இருக்க வேண்டும், நீங்களும் நானும்.

தொட்டியில் போடுவோம் என்று எழுதினேனே, அது வேலையைப் பற்றி எழுதியதல்ல. அப்போதே தெரிந்துதான் எழுதினேன். மன்னியுங்கள்.

இத்துடன் அந்த நூலை வைத்திருக்கிறேன். ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டேன், நெடுநேரம் பிடித்தது. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. மேஸ்திரியின் சீசாவில் கட்டுங்கள். ஒரு முடிச்சு என்றால் ஒரு துண்டு, கால் மாத்திரை. உங்கள் கையால் கொடுங்கள். வேறு யார் கையாலும் வேண்டாம்.

அக்டோபர் நாலாம் தேதி வருகிறேன். உங்களைப் பார்க்க.

உங்கள் மகள்.

•

செப்டம்பர் 8

அன்பு மகளுக்கு,

தையற்காரம்மா நிறுத்தவில்லை. இரண்டு தடவை நிறுத்து என்றேன், மேலும் சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டுத் தையல் இயந்திரத்தில் போய் உட்கார்ந்து, துணியே இல்லாமல் கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டிருந்தார். இதை எழுத மாட்டேன் என்கிறார். எழுதும்மா.

நீ நலமா என்று கேட்டாய். சொல்கிறேன். தூக்கம் இல்லை. பசி உண்டு, வெட்கமாக இருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். எப்படித் தப்பியது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மருந்துக் கடையில் எப்போதும் பெரிய சீசாவில் ஒன்று, சின்னச் சீசாவில் ஒன்று தருவார்கள். அந்த மாதம் மட்டும் இரண்டும் ஒரே அளவு. உள்ளேயும் வெள்ளை மாத்திரை, இரண்டும் ஒரே மாதிரி. கடைக்காரர் சொன்னார், 'பெரியவரே, இது ரெண்டு, இது ஒண்ணு.' ரெண்டை வலது பையில் போட்டேன், ஒன்றை இடது பையில். எனக்கா மறக்கும்? அப்படியே வீடு வந்து நூல் கட்டியிருந்தால் சரியாக இருந்திருக்கும். பெரிய தெருவில் குழாய் வெடித்திருந்தது.

மதில் மேல் வைத்தேன் என்று எழுதினேனே, வைத்தது அந்த இரண்டு சீசாவைத்தான். நனைந்துவிடும் என்று இரண்டு பையிலிருந்தும் எடுத்து வைத்தேன். இருபத்திரண்டரைச் சுற்று எண்ணினேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. மேலே ஏறி வந்தேன். கை தட்டினார்கள். பால்காரர் முதுகில் தட்டினார். யாரோ சீசாக்களை எடுத்து என் கையில் கொடுத்தார்கள், இரண்டையும் ஒரே கையால். எது எது என்று ஒரு நிமிஷம் நின்றேன். அந்த நிமிஷம் நன்றாக நினைவிருக்கிறது. திரும்பக் கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். நூறு அடிதான். கை தட்டு வாங்கினவன் போய், 'எனக்கு மறந்துபோச்சு' என்று கேட்க மனம் வரவில்லை. 'இதுதான்' என்று நானே முடிவு கட்டினேன்.

ஒன்பதாம் நாள் அவள் சொன்னாள், 'தலை சுத்துதுங்க.' நான் சொன்னேன், 'படுத்தே கிடந்தா சுத்தத்தான் செய்யும், எழுந்து நட.' பன்னிரண்டாம் நாள் எழுந்து நடந்தாள்.

முடிச்சு மாறிவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. மே மாதம்தான் தெரிந்தது. எழுத்துத் தெரியாவிட்டாலும் ஒரு தடவை பார்த்த உருவம் என் கண்ணை விட்டுப் போகாது. முதலில் ஒரு வளைந்த கொக்கி, பக்கத்தில் இரண்டு வட்டம், கடைசியில் நிற்கிற குச்சி. பூனையின் சீசாவில் அதைப் பார்த்தேன். இழுப்பறையைத் திறந்தேன். இரண்டு முடிச்சு நூல் காணாமல் போன சீசாவில் அதே கொக்கி, அதே இரண்டு வட்டம், அதே குச்சி. அதற்குப் பிறகு அந்த மாத்திரையைத் தொட என் கை வரவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன். அவன் கண் அதனால்தான் போயிற்று. இதில் தெரியாது என்பதற்கே இடமில்லை. இது என் பொறுப்பு.

நூல் வந்த அன்றே டாக்டரிடம் தூக்கிப் போனோம். திட்டினார். வாங்கிக்கொண்டேன். கண் திரும்பாது, ஆனால் அழுத்தத்தைக் குறைத்தால் அக்டோபரைத் தாண்டுவான் என்கிறார். தையற்காரம்மா கத்தரியால் மாத்திரையை நாலாக வெட்டிக் கொடுக்கிறார். துணியைவிட இது சுலபம் என்கிறார். என் கையால்தான் கொடுக்கிறேன். முதல் நாள் இரண்டு துண்டைக் கீழே போட்டுவிட்டேன். இப்போது இல்லை. நூலைக் கட்டிவிட்டேன். கொடுக்குமுன் விரலால் தடவிப் பார்க்கிறேன், அவள் தடவுகிற மாதிரி. நீ அவிழ்த்த இடத்தில் நூல் இன்னும் சுருண்டே இருக்கிறது, தடவினால் தெரிகிறது.

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு தடவை மட்டும்.

கண் போன பிறகு இவன் எங்கும் முட்டிக்கொள்கிறான். கதவில், வாளியில், என் காலில். சுவரோரமாகவே மீசையை உரசிக்கொண்டு போகிறான். ஆனால் நாலு மணிக்கு மட்டும் முட்டுவதில்லை. படுக்கையறை வாசலில் நின்று வாலைத் தூக்குகிறான். நடைவழியில் நட்ட நடுவே வருகிறான், மேலே அண்ணாந்தபடி. ஜன்னல் பக்கம் வந்ததும் வெறும் தரையில் ஒரு வளைவு வளைந்து போகிறான். எதைச் சுற்றுகிறான் என்று பார்த்தேன். நாற்காலி அங்கே இருந்தபோது அதன் கால் எங்கே ஊன்றியிருந்ததோ, அதைச் சுற்றுகிறான்.

தையற்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'சீசாச் சத்தம் கேட்குதாம்மா?' என்றேன். 'எனக்குக் கேட்கலை ஐயா' என்றார். ஆனால் நடைவழியில் ஒதுங்கி நின்றார்.

நேற்று நாற்காலியைப் பழைய இடத்துக்கே தூக்கிப் போட்டேன். தரையில் நாலு தழும்பு இருக்கிறது, அதிலேயே சரியாக உட்கார்ந்துகொண்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். நாலாம் தேதி வா. களைத்து வருவாய், அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள், காற்று வரும். நாலு மணிக்கு முன்னால் மட்டும் எழுந்துவிடு.

பெருவிரல் வைத்து, அப்பா.